வளைந்த வால்

சூழலை அறியாமல் எதையும் எடைபோடலாகாது என்பது என் துணிபு. இதற்கு வானியலே சான்று.

சில விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து இரு திசைகளிலும் துகள் தாரைகள் பீறிடுகின்றன. அவை ரேடியோ அலைகளை வீசுவதால் அவற்றை ரேடியோ மண்டலங்கள் என்கிறோம். நீலகிரியின் முத்தொரையில் கோவிந்த் சொரூப் குழுவினர் 1970இல் அமைத்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, நிலா மறைக்கும் கணத்தைக் கொண்டு இத்தகைய மூலங்களின் அளவைக் கணித்தது.

தாரைகள் பொதுவாக நேரே செல்வன. ஆனால் பெர்சியஸ் கொத்திலுள்ள என்.ஜி.சி. 1265 மண்டலத்தில் இரண்டும் ஒரே பக்கம் வளைந்து வாலாக நீள்கின்றன. இது அந்த மண்டலத்தின் குறையா? அன்று. கொத்துகளில் மண்டலங்களுக்கிடையே 1 கோடி முதல் 10 கோடி பாகை வரை கொதிக்கும் வாயு நிறைந்துள்ளது. மிக அருகிய வாயுதான். எனினும் மொத்த நிறையில் விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சுவது. வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரையும் மண்டலத்திற்கு அதுவே எதிர்காற்று. எங்கள் மரக்காணத்து உப்பள வரப்பில் கொள்ளிக்கட்டையை ஏந்தி ஓடினால், காற்றே இல்லாவிடினும் புகை பின்னால்தானே போகும்?

வாயுவே எப்போதும் வெல்வதுமில்லை. 39 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒபியூகஸ் கொத்தில் வெப்ப வாயுவின் வளைந்த விளிம்பை எக்ஸ் கதிர்ப் படத்தில் 2016இல் கண்டவர்கள், அது தாரை குடைந்த குழியென ஏற்கத் தயங்கினர். புனே அருகிலுள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளும் சேர்ந்தபின் 2020இல் ஐயம் தீர்ந்தது. வாயு தாரையை வளைக்கிறது. தாரை வாயுவைக் குடைகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

மழைக்காலத்தில் எங்கள் கரையில் உப்பு விளையாது, கூலியும் இராது. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் வருவதோ அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான். கட்டணத்துக்காக வேறு வேலைக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் மாணவனை, 'படிப்பில் அக்கறையில்லாதவன்' என்கிறோம். எதிர்காற்றை அளந்தோமா? வளைவை மட்டும் அளப்பது அரைகுறை இயற்பியல். உப்பளக் குடும்பத்து மாணவர்கள் கட்டணத்தைத் தை மாதத்திற்குப் பின் செலுத்த வழி செய்ய வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. தாரைக்கு ஆற்றல் உண்டு, நண்பர்களே; குடைய வேண்டியது நம் கடமை.