பாடியவர் பெயர் எங்கே?

அந்த ஒலிநாடா எம்மில் பலருடைய வீடுகளில் இருக்கிறது. சிட்னியில், ஹோம்புஷ்ஷில் ஒரு வீட்டில் கேட்டோம். மெல்பேர்ணில், டண்டினொங்கில் இன்னொரு வீட்டில், அதே இருமலோடும் அதே குழந்தையின் அழுகையோடும் மறுபடி கேட்டோம். எண்பதுகளின் தொடக்கம், வன்னியில் ஒரு கோயில் திருவிழா இரவு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பாடுகிறார்கள். உடுக்கும் கைத்தாளமும் தவிர வேறு பக்கவாத்தியம் இல்லை. குரல்கள் இளசு, மேடைக்குப் புதியவர்கள் என்பது தெரிகிறது. முதற்பாட்டில் தடுமாறுகிறார்கள். மூன்றாம் பாட்டில் சனம் அவர்கள் கைக்குள் வந்துவிடுகிறது. கூட்டத்தில் இருந்த யாரோ ஒருவர் ரேப் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு, எவரிடமும் கேளாமற் பதிந்தது அது.

பாடியவர்கள் யார்? கணவனும் மனைவியும் என்கிறார் ஒருவர். அண்ணனும் தங்கையும் என்கிறார் மற்றவர். வற்றாப்பளைப் பக்கம் என்று ஒரு சாரார், இல்லை, மன்னார்ப் பக்கம் என்று இன்னொரு சாரார். ஊரைச் சொந்தம் கொண்டாட ஆளுக்கு ஆள் முண்டியடிக்கிறார்கள். பெயரைத் தேட ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கி உபயம் செய்தவரின் பெயரை அறிவிப்பாளர் மூன்று தடவை சொல்கிறார். கடைசியில், “இவ்வளவு நேரமும் பாடிய…” என்று தொடங்குகிறார். அந்த இடத்தில் நாடா முடிந்துவிடுகிறது.

முடிந்தது எங்களிடம் உள்ள கொப்பி. அது அறுபது நிமிட நாடா. மூலம் தொண்ணூறு நிமிடம் என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த இரண்டு பெயர்களும் இந்த நாட்டில் யாரோ ஒருவருடைய கராஜில், ஒரு காட்போட் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். அவர் தர மறுக்கிறார், அல்லது தன்னிடம் என்ன இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார். எங்கள் வழக்கு அவரோடு மட்டும் அல்ல. எங்களோடும்தான். ஒரு வீடு குடிபுகலுக்குப் பத்துக் கொப்பி அடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அட்டையில் ஒரு வரி எழுத வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. நிதி சேர்க்கும் இராப்போசன விருந்துகளில் அதைப் போட்டுக் காசு சேர்த்தோம். ஒருவர் அதை இறுவட்டாக்கி விற்றார். அட்டையில் தொகுத்தவரின் படம் இருந்தது, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக.

இதைச் சொன்னால் உடனே பதில் வரும்: “நாங்கள் காப்பாற்றினோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளே மிஞ்சவில்லை. நாங்கள் களவாகப் பதிந்திராவிட்டால் இந்தக் குரல்களும் இல்லை.” உண்மை. மறுக்கவில்லை. பதிந்தவரை நாங்கள் கும்பிடுகிறோம். ஆனால் தீயிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தவன், அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் யார் என்று கேட்காமல் தன் பெயரை வைத்து வளர்ப்பானா?

அடுத்த பதில்: “நாட்டார் பாட்டு எல்லோருக்கும் பொது. அதற்கு ஆர் சொந்தக்காரர்?” பாட்டுப் பொதுவாக இருக்கலாம். குரல் பொது அல்ல. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த பாட்டுக்களைத்தான் இணைந்து மேடைகளிற் பாடினார்கள். கிராமத்துப் பாட்டுத்தானே என்று அவர்களுடைய பெயரை எவரும் விட்டுவிடவில்லை. 2018இல் அந்த அம்மையாருக்குப் பத்மசிறீ விருதே கிடைத்தது. வன்னியிற் பாடியவர்களுக்கு விருது வேண்டாம். பெயராவது வேண்டாமா?

இந்த நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1989 வரை, மேடையிற் பாடுபவருக்குத் தன் பாடலைப் பிறர் பதிவதைத் தடுக்க அவுஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கவில்லை. அந்த ஆண்டு சட்டம் வந்த பின்பும் ஓட்டைகள் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு நட்சத்திரங்களின் கச்சேரிப் பதிவுகள் இங்கே பகிரங்கமாக விற்பனையாயின. சோனி நிறுவனம் வழக்குப் போட்டும் 1993இல் இடைக்காலத் தடை பெற முடியவில்லை. காரணங்களில் ஒன்று, ‘அனுமதி பெறாதது’ என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தமை. 1994இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காகச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த வாசல் அடைபட்டது. அந்த வியாபாரிகள் கள்ளர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பாடியவர் பெயரைப் பெரிய எழுத்திற் போட்டார்கள், அனுமதி வாங்கவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை.

சைமனும் கார்ஃபங்கலும் நியூயோர்க்கில் 1967 ஜனவரி 22இற் பாடிய கச்சேரி, முப்பத்தைந்து வருடங்கள் கழித்து 2002இல் வெளிவந்தது. நாளும் மண்டபமும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனம் இருந்தது. எங்கள் இருவருக்குப் பின்னால் ஒரு கோயில் வீதியும், பிறகு ஒரு யுத்தமும். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. அதனாலேதான் பொறுப்பு எங்கள் தலையில் விழுகிறது. இசைக்கலைஞரின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற உரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் 2007இல் வந்தது. எண்பதுகளின் வன்னிக் கச்சேரிக்கு அது எட்டாது. சட்டம் எங்களைப் பிடிக்காது. மனச்சாட்சி பிடித்தால்தான் உண்டு.

காலமும் இல்லை. அவுஸ்திரேலியத் தேசிய திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது: 2025க்குள் எண்மப்படுத்தாத காந்த நாடாக்களிற் பெரும்பாலானவை மீளக் கிடைக்கா. அந்த ஆண்டும் வந்துவிட்டது. நாடா பழுதாகிறது, அதை ஓட்டும் யந்திரமும் திருத்துபவரும் அருகிவிட்டனர். கொப்பியிலிருந்து கொப்பி எடுக்க எடுக்க இரைச்சல் கூடிக் குரல் தேய்கிறது.

எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் கன்பராவைப் பார்ப்போம். இந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய ஒலிப்பதிவுகளைக் காக்கும் ஆய்வு நிறுவனம் 1964 முதல் அங்கே இருக்கிறது. பதிவு யாருடைய சமூகத்துக்கு உரியது, யார் கேட்கலாம் என்று அங்கே விசாரிக்கிறார்கள். பதிவுகளை உரியவர்களிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நிலம் பறிகொடுத்தவர்களுக்குக் குரலாவது திரும்புகிறது. நிலம் விட்டு வந்த நாங்கள் எங்கள் சனத்தின் குரலையே திருப்பிக் கொடுக்க மறுக்கிறோம்.

ஆகையால் கேட்கிறோம். மூல நாடா வைத்திருப்பவர் அதை வெளியே கொண்டுவரட்டும். இருமலையும் அழுகையையும் வெட்டாமல், முழுதாக ஒரு தடவை எண்மப்படுத்துவோம். செலவை நாங்கள் பகிர்கிறோம். கிடைக்கும் கொப்பிகளையெல்லாம் ஒன்றாக வைத்துக் கேட்போம். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கோயிற் சபைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் அந்தக் குரல்களை அனுப்பி விசாரிப்போம். உரியவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ அகப்படும்வரை விற்பனை வேண்டாம். விற்ற காசு அவர்களுக்காகத் தனியே இருக்கட்டும். வேண்டாம், அழியுங்கள் என்று அவர்கள் சொன்னால் அதற்கும் கட்டுப்படுவோம்.

இன்றிரவே ஒரு வேலை செய்யலாம். உங்களிடம் உள்ள நாடாவை எடுத்து, அட்டையிலே தெரிந்ததை எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில் வந்தது. பாடியவர் என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். அந்த இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.