கண்டிப்பதற்கு முன் கற்றுக் கொடுங்கள்

மும்பையில் ஜூன் மாத நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. புத்தகம், சீருடை, குடை, மழைக்கோட்டு என்று நம் குடும்பங்களில் வரவை மீறிச் செலவு ஓடுகிற மாதம் அது. ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னொரு கவலையும் சில வாரங்களில் தொடங்கிவிடுகிறது. “நடத்தை சரியில்லை, பெற்றோர் வந்து பார்க்கவும்” என்று டயரியில் சிவப்பு மையில் எழுதி வரும் ஒரு வரிதான் அது. தந்தை ஒரு நாள் கூலியை இழந்தோ, அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தோ பள்ளிக்குப் போகிறார். தலை குனிந்து நிற்கிறார். வீட்டுக்கு வந்ததும் பையனை அடிக்கிறார். அடுத்த மாதம் அதே வரி மறுபடியும் வருகிறது.

இவ்வளவு நடந்தும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ‘சரியான நடத்தை’ எது என்று அந்தப் பையனுக்கு யாராவது உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தார்களா?

பெருக்கல் தெரியாத மாணவனுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கிறோம். தவறாகப் போட்டால் திருத்துகிறோம். மறுபடியும் போடச் சொல்கிறோம். ஆனால் முறை வரும் வரை காத்திருக்கத் தெரியாதவனுக்கு, தெரியாததைக் கேட்கும் விதம் தெரியாதவனுக்கு, கோபம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாதவனுக்கு மட்டும் பாடம் கிடையாது, நேராகத் தண்டனைதான். இது நியாயமுமல்ல, பயன் தருவதுமல்ல.

இதில் நம் மொழியே நமக்கு ஒரு தடையாக நிற்கிறது. ‘ஒழுங்கு’ வேறு, ‘ஒழுக்கம்’ வேறு. வரிசையில் நிற்காதது ஒழுங்குக் குறைவு. களவும் பொய்யும் ஒழுக்கக் குறைவு. நாமோ இரண்டையும் ஒன்றாக்கி, வகுப்பில் பக்கத்துப் பையனோடு பேசிய பன்னிரண்டு வயதுச் சிறுவனை ‘ஒழுக்கங்கெட்டவன்’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அந்தப் பெயர் எளிதில் உதிர்வதில்லை. சில மாதங்களில் பையனே அதற்கு ஏற்றாற்போல் நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

ஏன் இந்த வயதில்?

கீழ் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே ஆசிரியைதான் நாள் முழுவதும். அவருடைய முகம் சுளிப்பதன் பொருள்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நிலைமை மாறுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை நடுநிலைப் பருவம் என்று தனியே பிரித்து, பாட ஆசிரியர்கள் வரும் கட்டமாகவே குறிப்பிடுகிறது.

ஓர் ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வார். இன்னொருவர் உட்கார்ந்தபடியே சொன்னால் போதும் என்பார். ஒருவருக்குக் கேள்வி கேட்டால் மகிழ்ச்சி. மற்றவருக்கு அதுவே அதிகப்பிரசங்கித்தனம். ஏழு ஆசிரியர்களின் ஏழு விதமான எதிர்பார்ப்பையும் பிள்ளை அடிபட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. அதே சமயத்தில் உடல் வளர்கிறது, குரல் உடைகிறது, அப்பா சொல்வதைவிடக் கூட்டாளி சொல்வது பெரிதாகப் படுகிறது. இந்தப் பருவத்துக்குத்தான் தெளிவான வழிகாட்டுதல் மிகுதியாகத் தேவை. ‘இவ்வளவு வளர்ந்தும் தெரியாதா?’ என்று கேட்டு நாம் கைவிடுவதும் இந்தப் பருவத்தில்தான்.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை

பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் பெரியவர்களை ‘நீங்கள்’ என்றே பேசிப் பழகிய பையன், இந்தியைத் தெருவில் கற்கிறான். மும்பைத் தெரு இந்தியில் ‘தூ’ தாராளமாகப் புழங்கும். அதே சொல்லை ஆசிரியரிடம் சொன்னதும் ‘மரியாதை தெரியாதவன்’ ஆகிவிடுகிறான். அவனுக்கு மரியாதை தெரியும். அந்த மொழியில் மரியாதை எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. நம் பக்கத்தில் பெரியவர் கண்டிக்கும்போது தலையைக் குனிந்து நிற்பது பணிவு. இங்கே சில ஆசிரியர்களுக்கு அது திமிராகவோ கள்ளத்தனமாகவோ தோன்றுகிறது.

பள்ளி விதிகள் டயரியின் முதல் பக்கங்களில் அச்சாகித்தான் வருகின்றன. அவை பல பள்ளிகளில் ஆங்கிலத்தில் இருக்கின்றன. விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்கப் போகும் தாயும், தோல் பட்டறையில் இரவு வரை நிற்கும் தந்தையும் எதைப் படித்துப் பிள்ளைக்கு விளக்குவார்கள்? கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறார்கள். விதியைச் சொல்லியாகிவிட்டது என்று பள்ளி நினைக்கிறது.

பிரம்பு போன பிறகு

பள்ளியில் பிரம்புக்கு இடமில்லை என்பது இன்று சட்டம். டில்லியில் உடல் தண்டனையை அனுமதித்த விதியை டில்லி உயர் நீதிமன்றம் 2000-ல் நீக்கியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளையின் உடலை வருத்துவதையும் மனத்தை வதைப்பதையும் நாடு முழுவதற்குமாகத் தடை செய்தது.

‘எங்கள் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்’ என்று ஆசிரியர்கள் சிலர் குறைபடுகிறார்கள். அதை அடியோடு தள்ளிவிட முடியாது. பிரம்பை வாங்கிக் கொண்டவர்கள், அதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று போதிய பயிற்சி கொடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் ஏச்சும், ஏளனமும், ‘சர்டிபிகேட்டை வாங்கிக் கொண்டு போ’ என்ற மிரட்டலும் புகுந்துவிட்டன.

“நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம், கெட்டா போனோம்?” என்று கேட்பவர்கள் நம்மிலும் பலர். அடி வாங்கியும் படித்தவர்கள்தான் இப்படிக் கேட்க முடியும். அடிக்குப் பயந்து படிப்பை விட்டவர்கள், டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறி இந்த நகரத்துக்கு வந்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். அவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள். ‘அடியாத மாடு படியாது’ என்பது மாட்டைப் பற்றிய பழமொழி. பிரம்பு கண்ணில் படும் வரைதான் அந்தப் படிவும். பிரம்பு மறைந்தால் அதுவும் மறையும்.

ரயில் கற்றுத் தந்த முறை

இதற்கு மாற்று என்ன? அது நம் வாசகர்களுக்குத் தெரியாத ஒன்றல்ல. ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கு லோக்கல் ரயிலின் ஒழுங்கு எப்படிப் படிந்தது என்று எண்ணிப் பாருங்கள். சயானில் ஏறித் தாதரில் இறங்க வேண்டியவர் மாட்டுங்காவிலேயே வாசல் பக்கம் நகர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் ‘தாதர்?’ என்று ஒரே சொல்லில் கேட்டுக்கொள்ள வேண்டும். இறங்குபவருக்கு வழிவிட்டுத்தான் ஏற வேண்டும். மூவர் அமரும் பலகையில் நான்காமவருக்கு ஓரம் ஒதுக்க வேண்டும். இதை யாரும் அடித்துக் கற்பிக்கவில்லை. முன்னே வந்தவர் ஒருவர் சொன்னார்; செய்து காட்டினார்; இரண்டு நாள் கூடவே வந்தார். தவறியபோது கையைப் பிடித்து நகர்த்தினார். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

சொல்வது, காட்டுவது, பழக்குவது, தவறினால் திருத்துவது. இந்த நான்கும் வகுப்பறைக்கும் அப்படியே பொருந்தும்.

பள்ளி செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனைவரும் கூடி நான்கைந்து விதிகளை மட்டும் முடிவு செய்யட்டும். அவை ‘செய்யாதே’ என்றில்லாமல் ‘இப்படிச் செய்’ என்றிருக்கட்டும். ‘கத்தாதே’ என்பதைவிட ‘கை தூக்கி, பெயர் கூப்பிட்டதும் பேசு’ என்பது பிள்ளைக்குப் புரியும்.

இரண்டாவதாக, பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் அவற்றைப் பாடமாகவே நடத்தட்டும். மணி அடித்ததும் புத்தகத்தை எடுத்து வைப்பது, பேசிக்கொண்டிருப்பவரிடம் இடையில் எப்படிக் கேட்பது, ஒருவன் கேலி செய்தால் கை ஓங்காமல் யாரிடம் சொல்வது என்று செய்து பார்க்கச் சொல்லட்டும். கணபதி, தீபாவளி விடுமுறை முடிந்து வரும்போது மறுபடியும் ஒரு முறை நினைவூட்டட்டும்.

மூன்றாவதாக, தவறினால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். அது தவறோடு தொடர்புடையதாகவும் இருக்கட்டும். புத்தகத்தைக் கிழித்தவன் ஒட்டித் தரட்டும். கண்டிப்பதைத் தனியே அழைத்துச் செய்யலாம். பாராட்டுவதை எல்லோர் முன்னிலையிலும் செய்யலாம்.

பாடத்துக்கே நேரமில்லையே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பாடவேளையிலும் வகுப்பை அடக்க ஐந்து நிமிடம் போனால், எட்டுப் பாடவேளைக்கு நாற்பது நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு பாடவேளையே அப்படிக் கரைகிறது. அதைச் சேமிப்பதற்கான முதலீடுதான் அந்த இரண்டு வாரம்.

பெற்றோர் அறிய வேண்டியவை

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பெற்றோரை ஒழுங்காகக் கூட்டிப் பிள்ளையின் நிலையைத் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்று 24-வது பிரிவு சொல்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்த இடங்களை நம்மவர்கள் நிரப்ப வேண்டாமா? விதிகளைத் தமிழிலும் எழுதித் தரும்படி அங்கேதான் கேட்க முடியும்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 2025-ல் ஐயம் எழுப்பியது. மொழிச் சிறுபான்மையினர் என்ற தகுதியில் பிற மாநிலங்களில் பள்ளி நடத்தும் நம் அமைப்புகளுக்கு ஒரு வார்த்தை: சட்டம் கட்டுப்படுத்தாத இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை அதிகம்.

வீட்டிலும் இதே முறைதான். பள்ளியிலிருந்து புகார் வந்தால், அடிப்பதற்கு முன் ‘என்ன நடந்தது? என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நாம் தெருக்குழாயடியில் போடும் சண்டையையும், தொலைபேசியில் பேசும் பேச்சையும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நூலைப் போலத்தான் சேலை.

இது ஏதோ வகுப்பறை அமைதி பற்றிய சிறிய விஷயமன்று. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை 2016-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளோடு, தடுக்கிறது. ஆகவே எட்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் பள்ளிக் கதவும் தளர்கிறது; பட்டறைக் கதவும் திறக்கிறது. அந்த நேரத்தில் ‘அடங்காதவன்’ என்ற பெயரோடு நிற்கும் பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போவான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு வராததால் வெளியேறுபவர்களைக் காப்பாற்றவே பெரும்பாடு படுகிறோம். பழக்கம் சொல்லிக் கொடுக்கப்படாத ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையை இழப்பது பொறுக்கத்தக்கதல்ல.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, நம் பெற்றோர் ஒவ்வொருவரும் வகுப்பாசிரியரிடம் பணிவோடு ஒன்றைக் கேட்கட்டும்: “என் பிள்ளையிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன? சொல்லுங்கள், நாங்களும் வீட்டில் பழக்குகிறோம்.” அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி.