கிலுகிலுப்பையும் குறிப்புச் சீட்டும்

கிலுகிலுப்பைச் செடியை உலர்த்தித் தாளில் ஒட்டும் களப்பணியாளர், பூத்த கிளை ஒன்று கிடைத்தவுடனே பணி முடிந்ததெனக் கருதுவதுண்டு. முற்றிய காயும், அச்செடி எப்பயிரின் நடுவே வளர்ந்தது என்ற விவரமும் இல்லாத தாள் பாதித் தாளே என்பது என் கருத்து.

1970-களின் நடுவில், அந்நாளில் மத்தியப் பிரதேசத்தைச் சார்ந்திருந்ததும் இப்போது சத்தீஸ்கரில் உள்ளதுமான சர்குஜா மாவட்டத்துக் கிராமங்களில் மக்கள் வயிறு வீங்கி ஈரல் நோய்க்கு ஆளாயினர். நோயுற்ற 67 பேரில் 28 பேர் மாண்டதாக 1976-இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் அறிவித்தது. அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை வகையொன்றின் விதை கலந்திருந்தது. அதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். சமைப்பதால் அவை முற்றும் அழிவதில்லை.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் ஏறத்தாழ 700 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கு உரியவை. நம் உழவர் நாருக்காகவும் பசுந்தாள் உரத்துக்காகவும் விரும்பி விதைக்கும் சணப்பும் இதனைச் சேர்ந்ததே. ஆகவே பேரினம் முழுவதையும் பழிப்பதில் பயனில்லை. எந்த இனம், எந்த வயலில், எம்மாதம் காய் முற்றுகிறது என்பதே கேள்வி. அறுவடைக் காலத்தில் முற்றும் களையன்றோ களத்துத் தானியத்தில் கலக்கும்! பல்லாண்டுகளாகச் சேர்ந்த தாள்களின் சீட்டுகளை ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கும். ‘களை, சாலையோரம்’ என்று எழுதி நிறுத்திய சீட்டுகளால் கிடைக்காது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை தன் தாள்களின் படங்களை இணையத்தில் வெளியிட்டு வருவது பாராட்டத்தக்கது. எனினும் எழுதாத வரியை எந்தப் படக்கருவியும் பிடித்துத் தராது.

வழக்குப் பெயரையும் விடலாகாது. குரோட்டலேரியா என்னும் பேரினப் பெயர், தட்டி ஒலிக்கும் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. உலர்ந்த காய்க்குள் விதை குலுங்கும் ஓசையைக் கேட்டே தமிழரும் பெயரிட்டனர். இரு நாட்டார்க்கும் காது ஒன்றே போலும்! மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று வேண்டுவேன்: ஊர்ப்பெயரையும் செடிப்பெயரையும் அவ்வூர் மக்களின் எழுத்திலும் எழுதுக. ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதியதில் லகரமா, ளகரமா, ழகரமா என்பதைப் பின்வருவோர் எங்ஙனம் அறிவர்?

ஆசிரியர்களும் இதில் உதவலாம். அறுவடைக் காலத்தில் மாணவரை வயலுக்கு அழைத்துச் சென்று, காயுடன் கூடிய கிளைகளைத் திரட்டி, தேதியும் பயிரும் குறித்து அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்கு அனுப்பலாம். விதையை வாயிலிட வேண்டாமென்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவிடுக.