கேட்கப்படாத ஆய்வாளர்கள்

2020 தேசியக் கல்விக் கொள்கை அங்கன்வாடிப் பணியாளரைப் பயிற்சி தரவேண்டியவராகவே பார்க்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு ஆறு மாதச் சான்றிதழ், முடிக்காதவருக்கு ஓராண்டுப் பட்டயம். அவரிடம் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும் என்ற எண்ணம் அந்தப் பத்தியில் தென்படவில்லை.

1975 முதல் இந்தத் திட்டத்தைச் சுமப்பவர்கள் இந்தப் பெண்கள்தான். சம்பளம் என்று சொல்லாமல் 'மதிப்பூதியம்' என்கிறார்கள். 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு உயர்த்திய பிறகே பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 (மாநிலம் சேர்த்துத் தருவது தனி). பணிக்கொடை உண்டு என்பதையே 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மையம் ஊர்த்தெருவில் இருந்தால் சேரியிலிருந்து யார் வரமாட்டார்கள், யார் சமைத்தால் எந்த வீட்டுக் குழந்தை சாப்பிடாமல் திரும்பும் என்பது உதவியாளருக்குத் தெரியும். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் மையம் வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2004இல் உத்தரவிட்டது. அது நிறைவேறியதா என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? நான் அவரிடம் கேட்டு எழுதினால் முனைவர் பட்டம். அவரே வாய் திறந்தால் மெமோ!

முன்பருவக் கல்விப் பாடத்திட்டக் குழுக்களில் பணியாளர்களும் உதவியாளர்களும் தாங்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக உட்கார வேண்டும். அதில் தலித் பெண்களுக்கு உறுதியான இடம் வேண்டும். கூட்ட நாளுக்குப் பயணப்படியும், அன்று மையத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் அழைப்புக் கடிதம் மட்டும்தான் வந்துசேரும்.