மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் நாலு மணி போட்டு, முகர்ந்து, கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். பார்க்காமலே 'மட்டம்' என்று தள்ளும் வியாபாரியை மண்டியில் யாரும் மதிப்பதில்லை. ஆனால் இரவு கடையைச் சாத்திவிட்டு வீடு திரும்பி, பிள்ளைகள் ஜப்பானியக் கார்ட்டூன் பார்ப்பதையோ வீடியோ கேம் ஆடுவதையோ கண்டால், "குப்பை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குத்தூசியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறோம் போலும்!

இந்தத் தவற்றை அமெரிக்கக் கடைக்காரர்களே ஒருமுறை செய்தார்கள். 1983 இல் அங்கே வீடியோ கேம் வியாபாரம் படுத்தது. தரமற்ற ஆட்டங்கள் சந்தையில் குவிந்ததே முக்கியக் காரணம். கடைகளில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அட்டாரி நிறுவனம் தேங்கிய சரக்கை லாரியில் ஏற்றி நியூ மெக்சிகோ மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014 இல் அதைத் தோண்டியும் எடுத்துப் பார்த்தார்கள். கை சுட்டுக்கொண்ட கடைக்காரர்கள், அதன்பின் 'வீடியோ கேம்' என்ற பெயரைச் சொன்னாலே கதவைச் சாத்தினார்கள்.

1985 இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் நியூயார்க்கில் அந்தக் கதவைத் தட்டியது. கடைக்காரர்களுக்கு அது சொன்ன நிபந்தனை நமக்கு நன்றாகப் புரியும்: விற்ற பிறகு பணம் கொடுங்கள், விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். துணிந்து அலமாரியில் இடம் கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். அந்தக் கருவி உலகமெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது. அந்த நிறுவனமும் வானத்திலிருந்து குதித்ததன்று. 1889 இல் கியோட்டோ நகரில் கையால் சீட்டுக்கட்டு செய்து விற்ற சிறிய கடைதான் அதன் தொடக்கம். 1960களில் உடனடிச் சோறு, டாக்சி என்று வேறு தொழில்களில் கைவைத்து நட்டமும் பட்டது.

கார்ட்டூனுக்கு வருவோம். ராமாயணத்தை ஜப்பானியரான யூகோ சாகோ, நம் நாட்டின் ராம் மோகனோடு சேர்ந்து கார்ட்டூன் படமாக்கினார். படம் 1992 இல் உருவானது. 'ராமாயணத்தைக் கார்ட்டூனாக எடுப்பதா?' என்று இங்கே எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் அப்போது ஒரு காட்சியையும் பார்த்திருக்கவில்லை. அதே படம் 2025 ஜனவரியில் தமிழ் பேசி நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. பக்தியோடு எடுத்த படம் என்பதைப் பார்த்தவர்கள் உணர்ந்தார்கள்.

இதில் கலப்படமே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. 1997 டிசம்பரில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் மின்னிய ஒளியால் ஜப்பானில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஆட்டத்தை விட முடியாமல் தவிக்கும் நிலையை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஜப்பானியரோ குறை தெரிந்ததும் கடையை மூடிவிடவில்லை. மின்னும் ஒளிக்கு விதி வகுத்தார்கள். 2002 முதல் எந்த ஆட்டம் எந்த வயதுக்கு என்று உறையிலேயே அச்சிடுகிறார்கள். நம் பொட்டலத்தில் தேதி போடுவதைப் போன்றதுதான் இது. ஆனால் அந்த எழுத்தைப் படித்துப் பார்த்த தகப்பன்மார் நம்மில் எத்தனை பேர்?

காலை முதல் இரவுவரை கல்லாவில் இருக்கும் நமக்குப் பிள்ளைகளோடு பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதையும் திட்டுவதிலேயே செலவழித்தால், அவர்கள் நம்மிடம் எதையும் சொல்லாத நாள் வெகு தொலைவில் இல்லை. பிறகு நல்லதையும் கெட்டதையும் அவர்களே தனியாகப் பொறுக்க வேண்டியதுதான்.

ஆகவே, இன்றிரவு பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோம். "இதில் என்ன கதை?" என்று கேட்போம். பிடித்தால் பாராட்டுவோம். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லித் தள்ளுவோம். சரக்கைப் பார்த்துச் சொல்லும் சொல்லுக்கே மண்டியில் மதிப்பு. வீட்டிலும் அப்படியே.