திருகோணமலைக் கடலில் கருவி விற்போரும் பழுது பார்ப்போரும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இலங்கையில் இல்லை. இந்தியா, சீனா, அமெரிக்கா, எண்ணெய்த் தாங்கிகள் என்று அந்தப் பேச்சு எப்போதும் பெரிய விடயங்களையே சுற்றி வரும். அதே துறைமுகத்தின் வடக்கே உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நடக்கும் ஒரு சிறு வணிகத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சுழியோடும் கருவிகள், மூச்சுக்குழாய்கள், உயிர்காப்பு அங்கிகள், படகுகள், அவற்றின் இயந்திரங்கள் ஆகியவற்றைச் செய்வோர், இறக்குமதி செய்வோர், வாடகைக்கு விடுவோர் ஆகியோரின் வணிகம் அது. சிறியதுதான். ஆனால் மனித உயிர்கள் அதை நம்பியே கடலில் இறங்குகின்றன.

கிழக்குக் கரையில் மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாமலை 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப் பாறைகளைக் காண வரும் உல்லாசப் பயணிகளை உள்ளூர்ப் படகோட்டிகள் அங்கே ஏற்றிச் செல்கிறார்கள். முகக்கண்ணாடி, துடுப்புக்காலணி, அங்கி எல்லாம் வாடகைப் பொருள்கள். சுழியோடும் கருவிகளும் பெரும்பாலான படகு இயந்திரங்களும் கடல் கடந்து வந்தவை.

இலங்கைக்கு இத்தகைய பொருள்களைச் செய்யத் தெரியாது என்று எண்ண வேண்டாம். பந்தயப் பாய்மரப் படகுகளுக்குப் பாய் செய்வதில் உலகப் பெயர் பெற்ற நார்த் செயில்ஸ் நிறுவனத்துக்கு இலங்கையில் தொழிற்சாலை உண்டு. அலைகளின் மேல் மனிதரை இழுத்துச் செல்லும் பெரும் பட்டங்களும் இங்கே தைக்கப்படுகின்றன. மலையேறுவோரும் அலைச்சறுக்குவோரும் விரும்பி அணியும் பற்றகோனியா ஆடைகளைத் தைத்துக் கொடுப்போரில் எம்.ஏ.எஸ். நிறுவனமும் ஒன்று. கற்பிட்டிக் கடலில் பட்டம் விட வரும் ஐரோப்பியர் ஒருவர், இலங்கையிலேயே தைக்கப்பட்ட பட்டத்தைத் தம் நாட்டில் யூரோ கொடுத்து வாங்கி மீண்டும் இலங்கைக்குக் கொண்டு வருவது நடக்கக்கூடிய ஒன்று. தைத்த கைகளுக்குக் கூலி கிடைத்தது. அந்தப் பொருளைப் பற்றிய முழு அறிவு, அதைத் திருத்தும் உரிமை, விற்பனையின் இலாபம் ஆகியவை வேறிடத்தில் தங்கிவிட்டன.

நாம் எக்காலத்திலும் வாங்குவோராக மட்டும் இருந்தவர்கள் அல்லர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன், பின்னர் தமக்கொரு கப்பல் தேடியபோது வாங்கியது வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். வசதி படைத்த அமெரிக்கர் ஒருவரின் கடல் விருப்பத்துக்கு யாழ்ப்பாணத்துத் தச்சர்கள் கப்பல் வழங்கினார்கள் என்பதே இதன் பொருள். 1960களின் பிற்பகுதியில் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் சீநோர் தொடங்கப்பட்டது. கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டும் தொழில் அங்கே வளர்ந்தது.

பிறகு போர் வந்தது. 1995 ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குள் விடுதலைப் புலிகளின் சுழியோடிகள் சூரய, ரணசுரு என்ற இரு கடற்படைக் கலங்களைத் தகர்த்தார்கள். மூன்றாம் ஈழப்போர் அத்துடன் தொடங்கியது. அத்தகைய சூழலில் சுழியோடும் கருவி எப்படிப் பொழுதுபோக்குப் பொருளாக இருக்க முடியும்? வலுக்கூடிய வெளியிணைப்பு இயந்திரங்களுக்குத் தடை, மீன்பிடிக்கும் நேரத்துக்கு வரம்பு, எரிபொருளுக்கும் மின்கலங்களுக்கும் கட்டுப்பாடு என்று ஒரு தலைமுறை கழிந்தது. இன்று மலையேறுவோரும் கடலோடிகளும் கடையில் எடுத்துப் பார்க்கும் பொருள்கள் பல, அன்று சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டிய பொருள்களாக இருந்தன. கருவியோடு பழகும் வாய்ப்பை அத்தலைமுறை இழந்தது. கருவி பின்னர் வந்துவிட்டது. பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உதவி மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. கொடையாளர்கள் போட்டியிட்டுப் படகுகள் வழங்கினார்கள். புதிதாக முளைத்த பட்டறைகள் அவசர அவசரமாகக் கட்டிய படகுகளில் பல தரமற்றவை என்பது பிறகே வெளிப்பட்டது. சில கடலுக்கு ஏற்றவையே அல்ல. கொடுத்தவர்கள் எண்ணிக்கையைச் சொல்லிப் போய்விட்டார்கள். உடைந்த படகை எங்கே கொண்டு போவது, யாரைக் கேட்பது என்பதற்கு விடை இல்லை. பொருளை வழங்குவதோடு வழங்குநரின் கடமை முடிந்துவிடுகிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

உல்லாசக் கடற்கருவி வணிகத்திலும் அதே எண்ணம் ஓங்கி நிற்கிறது. சுழியோடியின் முதுகில் உள்ள சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. இது கார்ச் சக்கரத்தில் உள்ளதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு. உப்பு நீர் உலோகத்தை அரிக்கும். ஆகவே சிலிண்டரைக் குறித்த கால இடைவெளியில் உள்ளே பார்வையிட வேண்டும். நீரழுத்தச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும். காற்று அடைக்கும் கொம்பிரசரின் வாய் இயந்திரப் புகைக்கு அருகில் இருந்தால் காபன் மொனொக்சைட்டும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். அழுத்தக் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் தணித்துத் தரும் ரெகுலேட்டரின் இறப்பர் வளையங்களைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும்.

இங்கேதான் பெரிய நிறுவனங்களின் ஒரு விதி குறுக்கே நிற்கிறது. ரெகுலேட்டர் செய்யும் முன்னணி நிறுவனங்கள் பல, உதிரிப்பாகங்களைத் தம்மால் அங்கீகரிக்கப்பட்ட பழுதுபார்ப்போருக்கே விற்கின்றன. பாதுகாப்பே நோக்கம் என்கின்றன. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விற்கும் இடத்துக்கு அருகில் ஒருவரைப் பயிற்றுவித்து அங்கீகரிக்காமல் விதியை மட்டும் காப்பாற்றினால் என்ன நேரும்? கருவி திருத்தப்படாமலே மீண்டும் கடலுக்குப் போகும், அல்லது கிடைத்த பாகத்தைப் போட்டு ஒப்பேற்றப்படும். 2022இல் டொலரின் விலை சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு உயர்ந்தபோது, இறக்குமதிப் பொருளை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை எல்லாரும் உணர்ந்தார்கள். இத்தகைய நாட்டில் பழுதுபார்ப்பை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது.

உயிர்காப்பு அங்கியையும் எண்ணிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற தரநிலை அங்கிகளை 50, 100, 150, 275 நியூட்டன் என்று மிதப்பு வலுவால் வகுக்கிறது. 50 நியூட்டன் வகை, நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் நீரில் மட்டுமே போதுமானது. நினைவிழந்தவரின் முகத்தை அது வானை நோக்கித் திருப்பாது. நீந்தத் தெரியாத பயணிக்கு இந்த வேறுபாடு உயிர்நிலையான வேறுபாடு. வெயில் பட்டுப் பட்டு அங்கியின் துணியும் பட்டியும் வலுவிழப்பதும் அப்படியே. அங்கி இருக்கிறதா என்று கேட்கும் அதிகாரி, அது எந்த வகை, எந்த ஆண்டு செய்தது என்றும் கேட்க வேண்டும்.

இது வெளிநாட்டுப் பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டிச் சுழியோடும் நம் தொழிலாளர்கள் உண்டு. உல்லாசத்துக்காக உருவான கருவி அவர்களுக்கு வயிற்றுப்பாடு. ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குச் சென்று விரைந்து மேலேறும்போது உடலில் நைதரசன் குமிழ்கள் உண்டாகி, கைகால் செயலிழந்தோர் இருக்கிறார்கள். பயணிக்குச் சுழியோடக் கற்பிப்பதற்குப் பாடத்திட்டமும் சான்றிதழும் உண்டு. தொழிலாளிக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் சிலிண்டரும் முதலாளியின் அவசரமும்தான்.

'அரை ஆண்டுப் பருவத்தை நம்பி யார் பட்டறை அமைப்பார்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வடகீழ்ப் பருவமழையில் கடல் மூடியிருக்கும் மாதங்களே கருவிகளைக் கழற்றித் திருத்த ஏற்ற மாதங்கள். தென்மேற்குக் கரையின் பருவம் இதற்கு நேர்மாறானது. அங்குள்ளோரின் கருவிகள் ஓய்ந்திருக்கும் காலத்தில் இங்கே வேலை நடக்கலாம். கடற்றொழிலாளரின் இயந்திரங்களுக்கோ ஆண்டு முழுவதும் திருத்த வேலை உண்டு.

நான் கேட்பது பெருந்தொழிற்சாலை அல்ல. சிலிண்டர்ச் சோதனை, ரெகுலேட்டர் திருத்தம், கண்ணாடியிழை வேலை, வெளியிணைப்பு இயந்திரத் திருத்தம் ஆகிய நான்கையும் செய்யும் அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டறை போதும். இறக்குமதி செய்வோர் தாம் விற்கும் கருவிக்கு மாவட்டத்திலேயே பழுதுபார்க்கும் வசதி செய்ய வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். இலங்கையில் தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள், தம் தையல் அறிவில் ஒரு பகுதியைத் திருகோணமலை இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் பயிற்சியாகக் கொடுக்கலாம். பாயும் பட்டமும் தைக்கத் தெரிந்த நாட்டுக்கு உயிர்காப்பு அங்கியின் பட்டியை மாற்றித் தைப்பது பெரிய வேலையன்று.

துறைமுகத்தை யாருக்குக் கொடுப்பது என்ற விவாதம் இன்னும் பல ஆண்டுகள் நடக்கும். அதற்கிடையே, நாளை காலை புறாமலைக்குப் புறப்படும் படகில் உள்ள அங்கிகளைக் கடைசியாகச் சோதித்தவர் யார் என்பதற்கு விடை சொல்லக் கூடிய ஒருவர் அந்தக் கரையில் இருக்க வேண்டும்.