முதுமையா, மருந்தா?

வயது முதிர்ந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது திடீரென்று புத்தி தடுமாறிப் பேசினாலும், தலைசுற்றிக் கீழே விழுந்தாலும், "வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிலர் தலையெழுத்து என்கிறார்கள். ஆனால் புதிதாக என்ன மாத்திரை கொடுக்கப்பட்டது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

இங்கிலாந்தில் மெர்சிசைடு பகுதியின் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 18,820 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2004-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 1,225 பேர் மருந்தினால் உண்டான கெடுதலோடு வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வயோதிகர்கள். கெடுத்தவையும் அபூர்வ மருந்துகளல்ல. ஆஸ்பிரின், நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவைதான். இக்கெடுதல்களில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்பதும் அக்கணக்கிலேயே கண்டது.

காரணம் என்ன? உட்கொண்ட மருந்தைக் கழித்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமுமாகும். வயதாக ஆக இவற்றின் வேலை மந்தப்படுகிறது. ஆகவே வாலிபனுக்குச் சரியான அளவு, கிழவருக்கு உடம்பில் தங்கி விஷமாகக்கூடும்.

அன்றியும், ஒரு மருந்தின் கெடுதலைப் புது வியாதி என்று எண்ணி அதற்கும் மருந்து கொடுப்பதுண்டு. ரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் கொடுத்தால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்திற்கு நீர் மாத்திரை. அதனால் இரவில் பலதரம் எழவேண்டும். தூக்கமில்லையென்று தூக்க மாத்திரை. அந்த மயக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழி மட்டும் முதுமையின்மேல்!

வைத்தியத்தை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. மருந்து உயிர் காப்பதுதான். ஆனால் கேள்வி கேட்காமல் கண்ணில் ஒற்றி விழுங்கும் பிரசாதமல்ல. முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் ஜாபிதா ஒன்றை அமெரிக்க வைத்தியர் மார்க் பியர்ஸும் அவரது கூட்டாளிகளும் 1991-லேயே வெளியிட்டார்கள். அது பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. வைத்தியர்களே மருந்தைச் சந்தேகித்துச் சோதிக்கும்போது, நாம் மட்டும் வாய்மூடி இருப்பானேன்?

தோழர்களே! பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்போது, அவர்கள் சாப்பிடும் மாத்திரை, லேகியம், கடையில் வாங்கிய வலி மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் காட்டுங்கள். "இது எதற்கு? இன்னும் வேண்டுமா? சிறுநீரகத்தின் நிலை பார்த்து அளவு வைத்ததா?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்; அதுவும் ஆபத்தே. மருந்தால் கெடுதல் நேர்ந்தால், இந்தியாவில் 2010-ல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திற்கு நோயாளிகளும் தெரிவிக்கலாம்.

கேட்பது வைத்தியருக்கு அவமரியாதையாகாது. கேளாமலிருந்து தாய் தகப்பனை இழந்துவிட்டு, பிறகு விதியென்று அழுவதில் என்ன பயன்?